கண்ணுக்குப் புலனாகாத விளக்கு
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

விஞ்ஞானப் பொருள் ஒன்றைப் பற்றிப் பேச வேண்டும், ஆனால் அது நம் வீட்டு வாசலைத் தொடுவதாகவும் இருக்க வேண்டும் என்று விழாக் குழுவினர் என்னைப் பணித்தார்கள். நான் தேர்ந்துகொண்ட பொருள் அரிசி மணியளவே உள்ளது. புற ஊதா ஒளியை உமிழும் எல்.இ.டி. விளக்கே அது. அதிலும் அதன் திறன் ஒன்றைப் பற்றியே பேசப் போகிறேன். நாம் கொடுக்கும் மின்சாரத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு ஒளியாக வெளிவருகிறது என்னும் கணக்கே திறன் எனப்படுவது. இந்தக் கணக்கில் நமக்கென்ன என்று கேட்பீர்களானால், நாம் குடிக்கும் தண்ணீர் இதில் அடங்கியிருக்கிறது. நம்மவர் கைகளில் படும் பாதரசம் அடங்கியிருக்கிறது. நம் பணப்பையும் அடங்கியிருக்கிறது.

வானவில்லில் ஊதாவிற்கு அப்பால் நம் கண்ணுக்கு ஒன்றும் தெரிவதில்லை. ஆனால் 1801ஆம் ஆண்டு ஜெர்மனியில் ரிட்டர் என்னும் அறிஞர், ஒளி பட்டால் கறுக்கும் வெள்ளிக் குளோரைடை நிறமாலையில் வைத்துப் பார்த்தபோது, ஊதாவிற்கும் அப்பாலுள்ள இருட்டுப் பகுதியிலேதான் அது மிக விரைவாகக் கறுத்தது. புற ஊதா ஒளி அவ்வாறு அறியப்பட்டது. 1877இல் டவுன்ஸ், பிளண்ட் என்னும் ஆங்கிலேயர் இருவர் சூரிய ஒளி பாக்டீரியாக்களின் வளர்ச்சியைத் தடுப்பதைக் காட்டினர். தோலில் வரும் காசநோயை ஒளியால் குணப்படுத்திய டென்மார்க்கின் ஃபின்சன் 1903இல் நோபல் பரிசு பெற்றார்.

ஒளியின் அலைநீளத்தை நானோமீட்டரால் அளப்பார்கள். ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. 400க்கும் 315க்கும் இடைப்பட்டது யு.வி.ஏ.; 315க்கும் 280க்கும் இடைப்பட்டது யு.வி.பி.; 280க்குக் கீழே யு.வி.சி. சூரியனிலிருந்து வரும் யு.வி.சி. முழுவதையும் வானின் ஓசோன் படலமும் ஆக்சிஜனும் விழுங்கிவிடுவதால் தரைக்கு அது வருவதே இல்லை. கிருமியின் மரபுப் பொருளாகிய டி.என்.ஏ. 265 நானோமீட்டர் அளவில் ஒளியை மிகுதியாக உறிஞ்சுகிறது. உறிஞ்சியவுடன் அதன் அடுத்தடுத்த கண்ணிகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பிணைந்துவிடுகின்றன. பிறகு அக்கிருமி பெருக முடியாது. பெருக முடியாத கிருமி நோயும் தராது. குளோரினுக்கு அஞ்சாத கிருமிகளும் உண்டு. 1993இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் கிரிப்டோஸ்போரிடியம் என்னும் ஒட்டுண்ணி குடிநீரில் கலந்து ஏறக்குறைய நான்கு இலட்சம் பேரை நோயில் வீழ்த்தியது. அந்த ஒட்டுண்ணியும் இந்த ஒளிக்கு எளிதில் அடங்கிவிடுகிறது.

இந்த ஒளியை உண்டாக்கும் பழைய வழி பாதரச ஆவி விளக்கு. 1910ஆம் ஆண்டிலேயே பிரான்சின் மார்செய் நகரில் குடிநீரைத் தூய்மை செய்ய அதனைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். இன்றும் நம் நாட்டு வீடுகளிலும் விடுதிகளிலும் உள்ள குடிநீர்க் கருவிகள் பலவற்றில் இருப்பது அதே வகைக் குழல்தான். அதனைக் குறைத்துப் பேசுவது நியாயமன்று. வாங்கும் மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை 254 நானோமீட்டர் ஒளியாக அது திருப்பித் தருகிறது. கிருமிநாசினி விளக்குகளில் இத்துணைத் திறனுள்ள வேறொன்று நூறாண்டுக் காலம் இல்லை.

பிறகு ஏன் அதனைக் கைவிட வேண்டும்? உள்ளே பாதரசம் இருப்பதனால். ஜப்பானின் மினமாட்டாக் கடற்கரையில் பாதரச நஞ்சினால் மீனவக் குடும்பங்கள் பட்ட துயரம் 1956இல் உலகுக்குத் தெரிந்தது. அவ்வூரின் பெயரால் அமைந்த பன்னாட்டு உடன்படிக்கை 2013இல் ஏற்கப்பட்டு 2017இல் நடைமுறைக்கு வந்தது; 2018இல் இந்தியாவும் அதனை உறுதி செய்தது. அவ்வளவு தொலைவு போவானேன், கொடைக்கானலில் பாதரச வெப்பமானி செய்த ஆலை 2001இல் மூடப்பட்ட வரலாறு உங்களுக்குத் தெரியும். ஒரு குழலுக்குள் இருப்பது சில மில்லிகிராம்தான் என்பார்கள். உண்மைதான். ஆனால் குழல்கள் ஒவ்வொன்றாகக் குப்பைக்குப் போவதில்லை, மொத்தமாகப் போகின்றன, உடைந்துதான் போகின்றன. உடைந்த குழலைக் கையுறையின்றி அள்ளுகிறவர் யார், அந்த ஆவியை மூச்சில் வாங்குகிறவர் யார் என்பதை இந்த அவைக்கு நான் விளக்க வேண்டியதில்லை. விளக்கின் திறனைப் பற்றி ஆய்வுக்கூடங்களில் நடக்கும் பேச்சில் இந்தக் கைகள் கணக்கில் வருவதில்லை. எனவே நாமே அவற்றைக் கணக்கில் சேர்த்துக்கொண்டு மேலே செல்வோம்.

எல்.இ.டி. என்பது வாயுவும் இழையும் இல்லாத ஒரு படிகத் துண்டு. அதன் ஒரு பக்கத்திலிருந்து எலெக்ட்ரான்களும் மறு பக்கத்திலிருந்து, துளைகள் என்று பாடநூல்கள் குறிக்கும் வெற்றிடங்களும் வந்து நடுவிலே சந்திக்கின்றன. எலெக்ட்ரான் மேல்தட்டிலிருந்து துளைக்குள் விழும்போது, விழுந்த உயரத்திற்கேற்ற ஒளி பிறக்கிறது. அந்த உயரத்தை எலெக்ட்ரான் வோல்ட் அளவில் எடுத்துக்கொண்டு 1240ஐ அதனால் வகுத்தால் ஒளியின் அலைநீளம் நானோமீட்டரில் கிடைக்கும். காலியம் நைட்ரைடின் உயரம் 3.4, எனவே ஒளி 365 நானோமீட்டர். கிருமியைக் கொல்லும் 270 வேண்டுமானால் உயரம் ஏறத்தாழ 4.6 ஆக வேண்டும். அதற்குக் காலியத்தின் இடத்தில் அலுமினியத்தை மெல்ல மெல்ல மிகுவித்துக்கொண்டே போக வேண்டும். சொல்வதற்கு எளிது. அலுமினியம் ஏற ஏறத் தொல்லையும் ஏறுகிறது.

இவ்விடத்தில் ஜப்பானியர் மூவரைக் குறிப்பிடாமல் மேலே செல்ல இயலாது. நகோயா பல்கலைக்கழகத்தில் அகாசாகி என்னும் பேராசிரியரும் அமானோ என்னும் மாணவரும் நல்ல காலியம் நைட்ரைடுப் படிகம் வளர்க்க முயன்றனர். அமானோ ஆயிரத்து ஐந்நூறு முறைக்கு மேல் தோற்றார். 1985இல், நீலக்கல் தட்டின்மேல் முதலில் குறைந்த வெப்பத்தில் அலுமினியம் நைட்ரைடை மெல்லிய பூச்சாக இட்டு, அதன்மேல் படிகத்தை வளர்த்தபோது அது கண்ணாடி போல் தெளிவாக வந்தது. மூன்றாமவர் நகாமுரா. தோகுஷிமா என்னும் ஒதுக்குப்புற மாவட்டத்தில் படித்து, அங்கேயே ஒரு சிறு நிறுவனத்தில் 1979இல் வேலைக்குச் சேர்ந்தவர். குவார்ட்சுக் குழாய்களைத் தாமே உருக்கி ஒட்டித் தம் கருவிகளைச் செய்துகொண்டவர். தொழிற்பயிற்சி நிலையத்தில் பற்றவைப்புப் பயிலும் தம்பிகள் இதனைக் கவனிக்க வேண்டும். உலகின் பெரிய ஆய்வுக்கூடங்கள் பல வேறொரு பொருளின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தபோது இவர்கள் இதனைக் கைவிடவில்லை. 1993இல் நகாமுராவின் ஒளிமிக்க நீல விளக்கு வெளிவந்தது. 2014இல் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. கண்டுபிடிப்புக்காக நகாமுராவிற்கு அவருடைய நிறுவனம் முதலில் அளித்த வெகுமதி 20,000 யென் மட்டுமே. வழக்குத் தொடுத்து 2005இல் சமரசம் ஆனபோது பெற்றது ஏறத்தாழ 84 கோடி யென். உழைப்பின் விலையை உழைத்தவன் கேட்டுப் பெற வேண்டியிருப்பது எல்லா நாட்டிலும் உண்டு போலும்.

நீல விளக்கு இன்று செலுத்தும் மின்சாரத்தில் பாதிக்கு மேல் ஒளியாக்குகிறது. அதற்குச் சற்று அப்பாலுள்ள யு.வி.ஏ. விளக்குகளும் பாதியை எட்டிவிட்டன. அச்சகங்களில் மையையும் பளபளப்புப் பூச்சையும் நொடியில் உலர்த்துவதற்குப் பாதரச விளக்கின் இடத்தில் அவை வந்துகொண்டிருக்கின்றன. யு.வி.சி. மட்டும் பின்தங்கியது. எவ்வளவு பின்தங்கியது என்றால், 2006இல் ஜப்பானில் தனியோர் அலுமினியம் நைட்ரைடைக் கொண்டே 210 நானோமீட்டர் விளக்கு ஒன்றைச் செய்தபோது, பத்துக் கோடி எலெக்ட்ரான்களைச் செலுத்தினால் ஓர் ஒளித்துகள் வெளிவரும் என்னும் அளவிலேயே அதன் திறன் இருந்தது. அது எல்லையின் கடைசிப் புள்ளி. 270க்கு அருகில் நிலைமை இவ்வளவு மோசமன்று. எனினும் ஏன் இப்படி என்பதை அறிய வேண்டும்.

ஓட்டைக் குடத்தில் தண்ணீர் எடுத்து வருவதைப் போன்றது இது. குடம் மூன்று இடங்களில் ஒழுகுகிறது.

முதல் ஒழுக்கு படிகத்தினுள்ளே. நீலக்கல்லின் அணு அடுக்கும் அலுமினியம் நைட்ரைடின் அணு அடுக்கும் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. பொருந்தாத இடங்களில் விரிசல் போன்ற பிறழ்வுகள் தோன்றி மேலே ஏறுகின்றன. தொடக்கத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு அவை நூறு கோடிக்கும் மேல் இருந்தன. பிறழ்வில் சிக்கிய எலெக்ட்ரான் ஒளி தராமல் வெப்பமாகிப் போகிறது. நூற்றில் ஒன்றுகூட ஒளியாகாத நிலை அது. ஜப்பானின் ரிக்கேன் ஆய்வு நிலையத்தில் ஹிராயாமா குழுவினர் அம்மோனியாவை விட்டு விட்டுச் செலுத்தி அடுக்கடுக்காகப் படிகம் வளர்க்கும் முறையால் பிறழ்வுகளைக் குறைத்து, அந்த ஒன்றை ஐம்பதுக்கும் மேலாக உயர்த்தினர். அமெரிக்காவில் அலுமினியம் நைட்ரைடையே பெரும் படிகமாக வளர்த்து, அதனையே தட்டாகக் கொண்டு அதன்மேல் விளக்கை அமைக்கும் வழியும் உருவாயிற்று.

இரண்டாவது, துளைகளின் பஞ்சம். மிகத் தூய படிகம் மின்சாரத்தைக் கடத்தாது. அதில் வேற்றணுவைச் சேர்க்க வேண்டும். மாசூட்டல் என்று பாடநூல் இதற்குப் பெயரிட்டிருக்கிறது. மாசு கலந்தால்தான் விளக்கே எரியும் என்பதை இளைஞர்கள் குறித்துக்கொள்ளட்டும்! இங்கே சேர்ப்பது மக்னீசியம். ஆனால் அலுமினியம் மிகுந்த படிகத்தில் மக்னீசியம் தன் துளைகளை எளிதில் விடுவிப்பதில்லை. ஆகவே துளை தாராளமாகக் கிடைக்கும் காலியம் நைட்ரைடை மேற்புறத்தில் ஓர் அடுக்காக வைத்தார்கள். அதுவோ, பிறந்த யு.வி.சி. ஒளியைத் தானே விழுங்கிவிடுகிறது. வேலியே பயிரை மேய்ந்த கதை.

மூன்றாவது, பிறந்த ஒளி வெளியே வர இயலாமை. படிகத்தின் உள்முகங்கள் ஒளியைத் திரும்பத் திரும்ப உள்ளேயே மடக்கி அனுப்புகின்றன. மடங்கிய ஒளி ஏதாவதொரு பக்கத்தில் உறிஞ்சப்பட்டு மடிகிறது. இவ்விளக்குகள் பலவற்றில் பிறந்த ஒளியில் பத்தில் ஒரு பங்குகூட வெளியேறுவதில்லை.

இங்கே தயவு செய்து என்னோடு சேர்ந்து கணக்கிடுங்கள். எடுத்துக்காட்டுக்காக, செலுத்திய எலெக்ட்ரான்களில் 0.8 பங்கு சந்திக்கும் இடத்திற்கு வந்து சேர்கிறது, அதில் 0.6 பங்கு ஒளியாகிறது, அதில் 0.1 பங்கு வெளிவருகிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்றையும் பெருக்கினால் 0.048, அதாவது நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. படிகத்தை முற்றிலும் குறையற்றதாக்கி 0.6ஐ முழு ஒன்றாகவே மாற்றிவிட்டாலும் 0.08தான். அதற்குப் பதிலாக, வெளிவரும் பங்கை மட்டும் 0.1இலிருந்து 0.3 ஆக்கினால் 0.144 கிடைக்கும். பின்னங்களைப் பெருக்கும்போது மிகச் சிறிய பின்னமே மற்றவற்றை ஆள்கிறது என்பது ஐந்தாம் வகுப்புக் கணக்கு. எந்த ஒழுக்கை முதலில் அடைப்பது என்பதை அந்தக் கணக்கே சொல்லிவிடுகிறது.

2017இல் ரிக்கேன் குழுவினரும் பானாசோனிக் நிறுவனத்தாரும் செய்தது அதைத்தான். ஒளியை விழுங்கும் மேலடுக்கை நீக்கி ஒளி புகும் அடுக்கை வைத்தனர். அதன்மேல் ரோடியம் உலோகத்தைக் கண்ணாடி போல் அமைத்தனர். நீலக்கல் தட்டில் நுண்ணிய மேடுபள்ளங்களைச் செதுக்கினர். ஒளி புகும் பிசினால் மூடினர். 275 நானோமீட்டரில் நூறு எலெக்ட்ரான்களுக்கு இருபது ஒளித்துகள்கள் வெளிவந்தன. உலகம் வியந்தது. ஆனால் ஓர் எச்சரிக்கை. இருபது என்பது எண்ணிக்கைக் கணக்கு. அந்த அமைப்பில் மின்சாரம் நுழைவது கடினமாகி மின்னழுத்தம் கூடிவிட்டதால், வாட் கணக்கில் திறன் அந்த இருபதுக்கு வெகு கீழேயே நின்றது. விளம்பரக்காரர்கள் இரண்டு எண்களில் பெரியதையே அச்சிடுவார்கள். வாங்குகிறவன் வாட் கணக்கைக் கேட்க வேண்டும். இன்று கடைக்கு வரும் நல்ல யு.வி.சி. எல்.இ.டி.களின் வாட் கணக்குத் திறன் ஐந்து விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. சில அதனைக் கடந்துள்ளன. பத்தாண்டுகளுக்கு முன்பு ஒன்றும் இரண்டுமாக இருந்தது.

ஒன்றிலிருந்து ஐந்து என்பது ஒரு வளர்ச்சியா என்று கேட்பவருக்குத் தண்ணீரைக் கொண்டே விடை சொல்கிறேன். குடிநீர்க் கருவிகளுக்கு அமெரிக்காவில் வகுத்துள்ள உயர்தர அளவு, சதுர சென்டிமீட்டருக்கு 40 மில்லிஜூல் ஒளி. ஒரு லிட்டர் தெளிந்த நீரை ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் பரப்பினால் 1,000 சதுர சென்டிமீட்டர் ஆகும். சிதறலையும் இழப்பையும் ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் வேண்டிய ஒளி 40 ஜூல். ஒரு விழுக்காட்டுத் திறனுள்ள விளக்கிற்கு 4,000 ஜூல் மின்சாரம் வேண்டும். ஐந்து விழுக்காட்டுக்கு 800 போதும். அதே ஒரு லிட்டரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 2,93,000 ஜூல் தேவை. ஆக, மிக மோசமான எல்.இ.டி.யும் அடுப்பை எளிதாக வென்றுவிடுகிறது.

அப்படியானால் திறனைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும்? இடர்ப்பாடு மின்கட்டணத்தில் இல்லை. ஒரு வாட் மின்சாரம் கொள்ளும் ஒரு விளக்குத் துண்டு ஒரு விழுக்காட்டுத் திறனில் 10 மில்லிவாட் ஒளிதான் தரும். ஒரு லிட்டருக்கு அது ஒரு மணி நேரத்திற்கும் மேல் எடுத்துக்கொள்ளும். குழாயில் நிமிடத்திற்கு ஒரு லிட்டர் வர வேண்டுமானால் 67 துண்டுகள் வேண்டும். ஐந்து விழுக்காடானால் 14 போதும். பாதரச விளக்கின் திறனை எட்டினால் இரண்டே போதும். அறுபத்தேழு துண்டுகளின் விலையை எந்தக் குடும்பம் தாங்கும்? விலை மட்டுமன்று. அந்த 67 வாட்டில் 66க்கும் மேல் வெப்பமாகித் துண்டுகளையே சுட்டு அவற்றின் ஆயுளைக் குறைக்கும். திறன் ஒரு படி ஏறும்போது விலை இறங்குகிறது, சூடு தணிகிறது, ஆயுள் நீள்கிறது. மூன்றும் ஒருங்கே நடக்கின்றன.

மேலும், எல்.இ.டி. சில வோல்ட் நேர்மின்சாரத்தில் எரிவது. சூரியப் பலகையும் ஒரு மின்கலமும் இருந்தால் மின்வெட்டு அதனைத் தடுக்காது. பாதரசக் குழல் சூடேறச் சில நிமிடம் ஆகும். அடிக்கடி அணைத்து ஏற்றினால் விரைவில் கெடும். எல்.இ.டி. குழாயைத் திறந்தவுடன் எரிந்து, மூடியவுடன் அணையும். ஊருக்கு வெளியே கடைசித் தெருவில், மின்சாரம் விட்டு விட்டு வரும் வீடுகளுக்கு எந்த விளக்கு ஏற்றது என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

புகழ்ச்சி இத்துடன் போதும். இந்த ஒளி கிருமியை மட்டுமே அடக்கும். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளின் நிலத்தடி நீரில் உள்ள ஃப்ளூரைடை அது தொடாது, உப்பை நீக்காது, கலங்கிய நீரில் மண் துகளின் நிழலில் ஒளிந்த கிருமியை எட்டாது. குளோரினைப் போலத் தண்ணீரில் தங்கிக் காவல் காப்பதும் இல்லை. தூய்மையான நீரை அழுக்குக் குடத்தில் பிடித்தால் பயனில்லை.

ஏமாற்று வணிகமும் இதில் உண்டு. 2020இல் பெருந்தொற்றுக் காலத்தில் என் அண்டை வீட்டார் கிருமிநாசினிக் கைக்கோல் ஒன்றை வாங்கி வந்தார். அழகாக ஊதா நிறத்தில் ஒளிர்ந்தது. ரூபாய்த் தாளின்மேல் காட்டினால் தாளின் இழைகள் மின்னின. அதுவே சான்று என்று கடைக்காரர் சொன்னாராம். தாளை மின்ன வைக்க யு.வி.ஏ. ஒளியே போதும், கண்ணுக்குத் தெரியும் ஊதாவேகூடச் சற்று மின்ன வைக்கும். அந்தக் கோலில் அலைநீளம் எங்கும் அச்சிடப்படவில்லை. கடையில் மூன்று கேள்விகள் கேளுங்கள்: அலைநீளம் எத்தனை நானோமீட்டர்? வெளிவரும் ஒளி எத்தனை மில்லிவாட்? அட்டையில் உள்ள வாட் மின்சாரத்தின் வாட்டா, ஒளியின் வாட்டா? 265 முதல் 280 வரை என்ற விடை வராவிட்டால் குடிநீருக்கென்று அதனை வாங்காதீர்கள். உண்மையான யு.வி.சி.யாக இருந்தாலோ, அது கண்ணையும் தோலையும் சுடும். கைகளையும் தோலையும் அதனால் தூய்மை செய்யக் கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் அப்போதே அறிவித்தது. பிள்ளைகள் கையில் கொடுக்கவே கூடாது.

உரைக்கு முன்னர் விடுதி மாணவர் ஒருவர் என்னிடம், நம் விடுதிக் குடிநீர்க் கருவியில் பாதரசக் குழல்தான் இருக்கிறது, அதனை இப்போதே எறிந்துவிடலாமா என்று கேட்டார். வேண்டாம். நல்ல நிலையில் இருக்கும் குழல் இன்றைய எல்.இ.டி.யைவிடத் திறன் மிக்கது; உறைக்குள் உடையாமல் இருக்கும்வரை தீங்கும் இல்லை. அதன் ஆயுள் ஏறத்தாழ 9,000 மணி நேரம். அதற்கு மேல் நீல ஒளி தெரிந்தாலும் கிருமி கொல்லும் ஒளி குறைந்துவிட்டிருக்கும். ஆகையால் பொருத்திய நாளைக் கருவியின் மேலேயே எழுதி ஒட்டுங்கள். கழற்றும் நாளில் பழைய குழலைப் புதிய குழலின் அட்டைப் பெட்டியிலேயே வைத்துக் கட்டி, பாதரச விளக்கு என்று தமிழில் பெரிதாக எழுதுங்கள். 2016ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு விதிகள் பாதரச விளக்குகளையும் தம் பட்டியலில் சேர்த்தன. எனவே அதனைக் குப்பைத் தொட்டியில் போடாமல் மின்னணுக் கழிவு சேகரிப்போரிடம் முழுதாகவே ஒப்படையுங்கள். அடுத்த கருவி வாங்கும் காலம் வரும்போது எல்.இ.டி.யின் திறன் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதை அந்த மாணவரே விசாரித்து, நான் கரும்பலகையில் எழுதிக் காட்டியுள்ள 40 ஜூல் கணக்கைப் போட்டுப் பார்த்து, விடுதிக் குழுவிற்கு எழுதிக் கொடுக்கட்டும்.